யார் கட்டிய கல்லூரி?

(இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

மருத்துவக் கல்லூரி ஒன்றின் கதையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் மாவட்டத்துக் கல்லூரி அல்ல, கல்கத்தா நகரிலே பெல்காச்சியா என்னும் பகுதியிலே இருக்கிற கல்லூரி. "இங்கே பேச வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்க, இவர் ஏன் வங்கத்துக்கு வண்டி ஏறுகிறார்?" என்று எண்ணுவோர் இருப்பீர்கள். காரணத்தைக் கூறிவிட்டே தொடங்குகிறேன்.

நண்பர் ஒருவர். மாற்று முகாமைச் சேர்ந்தவர். ஆயினும் மனம்விட்டுப் பேசும் பண்பினர். அவர் அண்மையில் என்னை மடக்கினார். "மருத்துவக் கல்லூரியை அரசாங்கம்தான் நடத்த வேண்டும் என்று ஓயாது பேசுகிறீர்களே, ஆர்.ஜி.கர் கல்லூரி எப்படிப் பிறந்தது, தெரியுமா? சர்க்கார் கட்டியதல்ல, தனியார் கட்டியது! அன்று தனியார் தொடங்கினால் தொண்டு, இன்று தனியார் தொடங்கினால் மட்டும் கொள்ளையா?" என்று கேட்டார்.

கூர்மையான கேள்வி. சிரித்து மழுப்பக் கூடாத கேள்வி. ஆகவே அந்தக் கல்லூரியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், நண்பருக்கு என்ன பதில் தருவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

1835ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆங்கில அரசு மருத்துவக் கல்லூரியைத் திறந்தது. அதே ஆண்டிலேதான் நம் சென்னையிலும் மருத்துவப் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு, 1836இல், மதுசூதன் குப்தர் என்பார், சாத்திரத் தடையை மீறி, பிணத்தின்மீது கத்தியை வைத்தார். வரலாறு அந்தத் துணிவைப் போற்றுகிறது; போற்ற வேண்டியதுதான். ஆனால், தோழர்களே, அந்த மேசையின்மீது கிடந்த உடல் யாருடையது? அறுத்தவர் பெயரை ஏடுகள் கூறுகின்றன. அறுபட்டவர் பெயரைக் கூறவில்லை. இதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு இந்த இடத்துக்கே திரும்பி வருவேன்.

கல்லூரி திறந்ததே, எல்லோருக்கும் திறந்ததா? பாடமொழி ஆங்கிலம். பேராசிரியர் நாற்காலிகள் இந்திய மருத்துவப் பணி என்னும் படைசார் அமைப்பின் அதிகாரிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அந்தப் பணிக்குத் தேர்வு நடந்ததோ இலண்டனிலே! கடல் கடந்து, காசைக் கொட்டி, தேர்வு எழுதி வரக்கூடிய இந்தியர் எத்தனை பேர்? மருந்து கொடுப்பவன் இந்தியனாக இருக்கலாம், மருத்துவம் கற்பிப்பவன் இந்தியனாக இருத்தல் அரிது என்பதே அன்றைய நிலை. 1852இல் வங்க மொழியில் ஒரு வகுப்பு தொடங்கி, 1873இல் அதைச் சியால்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆயினும் அதுவும் அரசின் கைக்குள் இருந்ததே. கடல்போல் பரந்த வங்கத்துக்குக் கைப்பிடி அளவே.

இந்த நிலையிலேதான் 1886இல், ராதா கோவிந்த கர் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் கூடினர். கல்கத்தாவின் பைட்டக்கானாப் பகுதியிலே ஒரு வீட்டிலே, 'கல்கத்தா மருத்துவப் பள்ளி' எழுந்தது. கர், எடின்பரோ நகரம் சென்று பயின்று பட்டம் பெற்றவர். விரும்பியிருந்தால் பணக்காரர் வீட்டு நாடியைப் பிடித்துப் பங்களா கட்டியிருக்கலாம். அவரோ அதற்கு முன்பிருந்தே வங்க மொழியில் மருத்துவ நூல் எழுதி வந்தவர். புதிய பள்ளியின் பாடமொழி எது? ஆங்கிலமல்ல, வங்கம். மூன்றாண்டுப் படிப்பு.

இந்த இடத்திலே சற்று நின்று, நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாய்மொழியிலே மேலை மருத்துவம் கற்பிப்பதா, நடக்குமா என்று இன்றும் புருவம் நெரிப்போர் உண்டு. கர் அவர்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, 1864 முதல், தமிழிலே மருத்துவம் கற்பித்தார் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1847இல் வந்து, 1873 வரை அங்கே பணிபுரிந்தவர். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்கி, தமிழ் படித்த இளைஞர்களை மருத்துவராக்கி ஊர்களுக்கு அனுப்பினார். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கேட்டால், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது வேறு கூட்டத்துக்குரிய பேச்சு. கல்கத்தாவுக்குத் திரும்புவோம்.

பள்ளி எழுந்தது. ஆனால் பள்ளிக்கென்று மருத்துவமனை இல்லை! ஏடு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார், நோயாளி இல்லை. நீச்சல் கற்பிக்கும் கூடம் கட்டி, குளம் இல்லாதது போல! மாணவர்கள் மேயோ மருத்துவமனைக்குச் சென்று, அங்கே அனுமதித்த அளவு பார்த்துப் பழகினார்கள். பிறர் வீட்டு அடுப்பில் எத்தனை நாள் சமைப்பது? சொந்த மருத்துவமனை வேண்டும் என்று கர் முடிவு செய்தார். பணம்?

பணம் கேட்கப் புறப்பட்டார். ஜமீன்தார் மாளிகைக்கும் போனார், சாதாரண வீட்டுக்கும் போனார். திருமணம் நடக்கும் வீடுகளின் வாசலிலே நின்று, விருந்துண்டு வெளியே வரும் செல்வர்களிடம், "உங்களால் இயன்றதைத் தாருங்கள், பள்ளிக்கு உதவும்" என்று கை நீட்டுவாராம். வங்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது. எடின்பரோ பட்டதாரி, பிறர் வீட்டுத் திருமண வாசலிலே ஏந்திய கையுடன் நின்ற அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள்! எந்தக் கட்டணக் கல்லூரியின் அதிபராவது இப்படிக் கை நீட்டியதுண்டா? அங்கே கை நீட்டுபவர் மாணவனின் தந்தை அல்லவா!

ஊர்ப் பணத்தில் அறிவுக்கூடம் கட்டுவது கல்கத்தாவுக்குப் புதிதன்று. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், 1876இலேயே பொதுமக்களிடம் நிதி திரட்டி, பௌபஜார்த் தெருவிலே அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தார். கர் அவர்களின் பள்ளியும் சிறிது காலம் அதே தெருவில் நடந்தது. அந்தக் கழகத்தைத் தேடி 1907இல், கணக்குத் துறையில் வேலை பார்க்க வந்த ஓர் இளைஞர் கதவைத் தட்டினார். பெயர் சி.வி.இராமன், திருச்சிராப்பள்ளியிலே பிறந்தவர். அங்கே உழைத்து 1928இல் கண்டறிந்ததற்காகத்தான் 1930இல் நோபல் பரிசு. வங்கத்து மக்கள் தந்த நன்கொடையில் எரிந்த விளக்கு, ஒரு தமிழரின் கண்ணுக்கு ஒளி தந்தது.

மருத்துவமனைக்கு 1898இல் பெல்காச்சியாவிலே நிலம் வாங்கினார்கள். விக்டோரியா அரசியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் முன்பு இந்தியா வந்து சென்றதன் நினைவாகத் திரட்டிய நிதியிலிருந்தும் ஒரு தொகை கிடைத்தது. 1902இல் மருத்துவமனை திறந்தது; அதற்கு இளவரசரின் பெயர். "சுதேசி முயற்சிக்குப் பரங்கிப் பெயரா?" என்று முகம் சுளிக்கலாம். நானும் முதலில் சுளித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன்: பெயர்ப்பலகை அவர்களுடையது, படுக்கை நம்முடையது! ஆட்சி கையில் இல்லாதவன் கற்ற சூது அது. குறை கூற எனக்கு மனமில்லை.

நிலம் வாங்கிய அந்தக் காலமே கல்கத்தாவைப் பிளேக் பிடித்து ஆட்டிய காலம். 1899இல், நகரத்தின் வடபகுதிச் சேரிகளிலே கர் அலைந்து நோயாளிகளைப் பார்த்தார். அங்கே, பிளேக் கண்ட குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஈரம் நிறைந்த குடிசையிலே உட்கார்ந்திருந்த வெள்ளைப் பெண்மணி சகோதரி நிவேதிதாவைக் கண்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கல்லூரி கட்டுவதற்கு நன்கொடைப் புத்தகம் ஒரு கையில். பிளேக் சேரிக்கு மருந்துப் பை மறு கையில். இரண்டையும் ஒருவரே சுமந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1895இல் தோன்றிய மற்றொரு தனி முயற்சியான வங்க மருத்துவர்-அறுவையர் கல்லூரியுடன், 1904இல் இவர்கள் இணைந்தனர். நீல்ரத்தன் சர்க்கார், சுரேஷ் பிரசாத் சர்வாதிகாரி போன்ற பெருமருத்துவர்கள் துணைநின்றனர். அவர்கள் இனிப் பள்ளி போதாது, பல்கலைக் கழகப் பட்டம் தரும் கல்லூரி வேண்டும் என்று வாதாடினர். அரசு தயங்கியது. இடையிலே 1914இல் வங்க மருத்துவப் பதிவுச் சட்டமும், 1916இல் இந்திய மருத்துவப் பட்டச் சட்டமும் வந்தன. ஏற்பு இல்லாத நிறுவனம் பட்டமும் பட்டயமும் தரலாகாது என்றாகியது. போலிகளை ஒழிக்க அது தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஏற்பு வழங்கும் பேனா யார் கையில் இருந்தது? வென்றால் கல்லூரி, தோற்றால் பூட்டு, நடுவழி இல்லை.

வென்றார்கள். 1916ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், பெல்காச்சியா மருத்துவக் கல்லூரியை ஆளுநர் கார்மைக்கேல் திறந்து வைத்தார். பின்னர் அவர் பெயரே கல்லூரிக்குச் சூட்டப்பட்டது. 1918 டிசம்பரில் கர் மறைந்தார். தம் உடைமையையும் கல்லூரிக்கே எழுதி வைத்தார் என்று கூறுவர்.

வெற்றியைக் கூறினேன்; இழப்பையும் கூறவேண்டும். பட்டம் கிடைத்தது, வங்க மொழி போயிற்று! பல்கலைக் கழகத்தின் வாசலில் நுழையும்போது, எந்தத் தாய்மொழியில் பள்ளி பிறந்ததோ அந்தத் தாய்மொழியை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டியிருந்தது. வேறு வழி அன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், ஏற்பு என்பது இலவசமாகக் கிடைப்பதன்று என்பதை உணர, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இந்தியரே ஆசிரியராக இருந்து நடத்திய கல்லூரி எப்படி நடந்தது? அரசு வேலையை 1919இல் உதறிவிட்டு, விதான் சந்திர ராய் அங்கே வந்து கற்பித்தார். 1933இல், கிரீந்திரசேகர் போஸ் அங்கே மனநோயாளர்க்குப் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் திறந்தார். பொது மருத்துவமனைக்குள் மனநோய்க்கென்று ஒரு பிரிவு, ஆசியாவில் அதுவே முதல். பைத்தியம் என்று சங்கிலியில் கட்டிய காலத்திலே, காய்ச்சல்காரனோடு வரிசையில் நின்று மனநோயாளியும் சீட்டுப் பெற்றான்! 1926இல் பம்பாயில் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் அறநிலையத்தார் மருத்துவக் கல்லூரிக்குப் பணம் தந்தபோது, ஆசிரியர் அனைவரும் அரசுப் பணியில் இல்லாத இந்தியராகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பெல்காச்சியாவிலே நடந்து காட்டியது, பம்பாயிலே நிபந்தனையாக எழுதப்பட்டது. வங்கத்தின் மேற்குக் கோடி வறண்ட மாவட்டமான பாங்குராவின் மக்கள் 1911இல் சங்கம் கண்டு, 1922இல் தங்கள் ஊரிலேயே மருத்துவப் பள்ளி திறந்தார்கள். 1956இல் அது கல்லூரியாயிற்று. இன்றும் 'பாங்குரா சம்மிலனி' என்று அந்தச் சங்கத்தின் பெயரோடுதான் அது நிற்கிறது.

விடுதலைக்குப் பின், 1948இல், கார்மைக்கேல் பெயர் போய் ஆர்.ஜி.கர் பெயர் வந்தது. 1958இல் மேற்கு வங்க அரசு கல்லூரியையே ஏற்றுக்கொண்டது. முதலமைச்சர் யார்? முன்பு அங்கே பாடம் சொன்ன அதே விதான் சந்திர ராய்! அவர் எங்கள் கொள்கைக்காரர் அல்லர், காங்கிரஸ்காரர். நாடறிந்த பெருமருத்துவர், தனித்தொழிலிலே பெரும்பொருள் ஈட்டியவர். அப்படிப்பட்டவரின் ஆட்சியே, மக்கள் பணத்தில் வளர்ந்த கல்லூரி மக்கள் அரசின் பொறுப்பில் இருப்பதே முறை என்ற இடத்துக்கு வந்தது.

இப்போது நண்பருக்குப் பதில் சொல்கிறேன். ஐயா! அரசு சாராதது வேறு. தனியார் உடைமை வேறு. ஆர்.ஜி.கர் கல்லூரி அரசு சாராமல் பிறந்தது, அந்த அரசு அன்னிய அரசு என்பதால். அது யாருடைய உடைமையாகவும் பிறக்கவில்லை. கர் முதல் போட்டாரா? போட்டார். இலாபம் எடுத்தாரா? இல்லை. வாரிசுக்கு விட்டுச் சென்றாரா? அதுவும் இல்லை. வாசலிலே நின்று வாங்கிய காசை, வாசலிலே வந்து நிற்கும் நோயாளிக்குச் செலவிட்டார். இதையும், கோடிக்கணக்கில் கட்டணம் வாங்கி இடத்தை விற்பதையும், 'தனியார்' என்ற ஒரே சாக்கிலே கட்டித் தூக்கினால் சுமை சரியுமா?

இன்னும் ஆழமாகப் போவோம். அறுபட்டவர் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். மருத்துவக் கல்லூரிக்கு நன்கொடை தருவோரிலே தலையாயவர் யார்? கல்வெட்டிலே பெயர் உள்ளவரா? இல்லை, தோழர்களே! படுக்கையிலே கிடக்கும் ஏழை நோயாளி! இன்றைய விதிப்படி நூறு மாணவர் பயில, நானூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் வேண்டும். ஏன்? மாணவன் நாடி பார்த்துப் பழகுவது அந்த ஏழையின் கையிலே. ஊசி குத்திப் பழகுவது அந்த ஏழையின் தோளிலே. பிரசவம் பார்த்துப் பழகுவது கூலிக்காரப் பெண்ணின் வேதனையிலே. உயிரோடு இருக்கும்வரை உடலைப் பாடமாகத் தருகிறான். கேட்பாரற்று இறந்தால், அப்போதும் பாடமாகிறான். கட்டடம் கட்டியவன் ஒரு முறை கொடுத்தான். இவன் நாள்தோறும் கொடுக்கிறான்!

இதை அறிந்தவர்கள்தாம் 2020 சனவரியில் நிதி ஆயோக் வெளியிட்ட வரைவின் பொருளையும் அறிவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு பிணைக்கலாம். படுக்கைகளிலே ஒரு பகுதி 'சந்தைப் படுக்கை'யாக இருக்கலாம் என்றது அது. சந்தைப் படுக்கை! மாட்டுச் சந்தை அறிவோம், காய்கறிச் சந்தை அறிவோம். கர் அவர்கள் மருத்துவமனை இல்லாத கல்லூரிக்கு மருத்துவமனை கட்ட ஊர் ஊராகக் கையேந்தினார். இங்கே, ஊரார் வரிப்பணத்தில் கட்டிய மருத்துவமனையை, நோயாளியோடு சேர்த்து, பிறருக்கு நீட்டச் சொல்கிறார்கள். நம் மாநிலத்திலே 2022 சனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஒன்றிய, மாநில அரசுகளின் பணம் அது; அதாவது உங்கள் பணம், என் பணம். மாவட்டத்துக்கொரு கல்லூரி அரசால் ஆகாது என்போர், அந்தப் பதினோர் ஊர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நண்பர் விடமாட்டார், எனக்குத் தெரியும். "1958இல் அரசு எடுத்துக்கொண்டதே, 2024இல் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், அதே ஆர்.ஜி.கர் மருத்துவமனையிலே, இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர், ஒரு பெண், மருத்துவமனைக் கட்டடத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நீண்ட பணிநேரத்துக்கு இடையே, ஓய்வெடுக்க ஒழுங்கான அறை ஒன்று இல்லாத நிலை. நிருவாகத்தின் மீது எழுந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டும் மத்தியப் புலனாய்வுக்குச் சென்றது. கொலைக்கு 2025 சனவரியில் ஒருவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதை மூடி மறைத்துவிட்டு ராதா கோவிந்த கர் புகழ் பாடினால், அவர் ஆவியே என்னை மன்னிக்காது. அரசின் உடைமை என்று எழுதிவிட்டால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று நாம் எண்ணியதுண்டு. அது தவறு. பொறுப்பேற்ற அரசு எந்தக் கட்சியினுடையதாயினும், எங்களுடையதேயாயினும், கேள்வி கேட்போர் வாசலில் இல்லையென்றால் உள்ளே அழுகல் தொடங்கும்.

ஆனால் கேள்வி கேட்டது யார் என்பதையும் பாருங்கள். ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவு. கல்கத்தாவிலும், வங்கத்தின் ஊர்களிலும், பெண்கள் வீதிக்கு வந்தார்கள். இரவு எங்களுக்கும் உரியது என்றார்கள். கட்சி அழைத்து வந்த கூட்டமல்ல. தாய்மாரும், மாணவியரும், வீட்டு வேலை செய்வோரும் கலந்து நின்ற கூட்டம். ஒரு தனி முதலாளியின் கல்லூரியாக இருந்தால், வாயிற்காவலன் தாண்டி ஒரு குரல் உள்ளே போயிருக்குமா? "எங்கள் கல்லூரி" என்று உரிமையோடு நிற்க, அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்களின் பாட்டன் பாட்டிமார் காசில் எழுந்த கட்டடம் அல்லவா?

இளம் மருத்துவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். "நோயாளிகள் வாடுகிறார்களே" என்று குற்றம் சாட்டினர் சிலர். நியாயமான குற்றச்சாட்டு, பதில் தேவைப்பட்ட குற்றச்சாட்டு. அவர்கள் பதிலைப் பேசவில்லை, செய்தார்கள். கல்கத்தாவின் சாலையோரங்களிலே மேசை நாற்காலி போட்டு, 'அபயா' என்று பெயர் எழுதிய துணி கட்டி, வந்தவர்க்கெல்லாம் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்தார்கள். காய்ச்சலோடு வந்த முதியவரும், கைக்குழந்தையோடு வந்த தாயும் வரிசையில் நின்றார்கள். சீட்டு எழுதும் மாணவன் ஒரு பக்கம். மருந்து எடுத்துத் தரும் மாணவி மறுபக்கம்.

நண்பரை அடுத்த வாரம் சந்திக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் என்ன மறுமொழி தருகிறார் என்பதை அடுத்த வகுப்பிலே உங்களுக்குக் கூறுகிறேன்.